ஓதப் பங்கு

ஆவரந்துறைக் கடல் ஏறுவதையும் வற்றுவதையும் நிறுத்திக்கொண்ட வருஷம், அங்கே ஏற வேண்டிய தண்ணீர் ஊர்ச் சனங்களின் உடம்புக்குள் ஏற ஆரம்பித்தது. பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, சந்திரன் சொன்ன நேரத்துக்கு ஏறும், ஏறிய வழியே வற்றும். காலையில் தானாகக் கழன்று மாவுச் சட்டியில் விழுந்த மோதிரம் மத்தியானம் சோப்புப் போட்டு இழுத்தாலும் வராது, சாயங்காலம் யாரும் கேட்காமலே மறுபடி விழும். கடலில் இருந்தபோது அதற்கு ஓதம் என்று பெயர், உடம்புக்கு வந்த பிறகும் அதே பெயர்தான். ஏறும்போது ஏற்றம், இறங்கும்போது வற்றம். கடல் ஏன் இப்படிச் செய்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் கடலிடம் காரணம் கேட்கிற பழக்கம் கிடையாது, அது கொடுத்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த்தான் பழக்கம், அதனால் இதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதில் முதலில் அகப்பட்டவள் பெர்பெத்து. மற்றவர்கள் எல்லாம் கால் கொஞ்சம் வீங்கினால் வெயில் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறவர்கள். தினமும் தன்னை நிறுத்துப் பார்க்கிற ஒரே மனுஷி ஊரிலேயே அவள்தான். கரையோரம் கருவாட்டுக் களம் வைத்திருந்தாள். அங்கே மூட்டை நிறுக்க ஓர் இரும்பு எடைமேடை உண்டு, ஆள் ஏறி நின்றால் வட்டத்துக்குள் முள் ஓடி நிற்கும். விடிந்ததும் மூட்டைக்கு முன்னால் அவள் ஏறுவாள், மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, களத்தைப் பூட்டும் முன்னால் இன்னொரு தடவை. அழகுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தொரு வயதில், உப்புக் கையோடு, அழகைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

அவளுடைய தம்பி வென்சிலாஸ் ஒரு காலத்தில் சங்கு குளித்தவன், மூச்சை அடக்கிக்கொண்டு கடலின் அடியில் நடந்து திரும்பியவன். இப்போது இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய், மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, வெளுத்த முகத்தோடு திரும்பி வந்து களத்துப் பூவரச மரத்தடியில் உட்காருவான். சிறுநீர் என்பது அவன் உடம்பை விட்டுப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்காவின் கிட்னி அவனுக்குப் பொருந்தும் என்று திருநெல்வேலி டாக்டரம்மா சொல்லிவிட்டார். மஸ்கட்டில் கப்பல் வேலை பார்க்கிற பெர்பெத்துவின் கணவனும், உன் தம்பி, உன் உடம்பு, நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டான். தடுத்தது எடை ஒன்றுதான்.

"எண்பத்துநாலு கிலோ இருக்கீங்க. எழுபத்தஞ்சுக்குக் கீழ வாங்க, அப்பதான் கத்தி எடுப்பேன்" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணக் குடுத்துட்டு, மிச்சம் இருக்கிற ஒண்ணோட நீங்களும் நெடுநாள் இருக்கணும்லா? தம்பிக்கு ரொம்ப நாள் தவணை சொல்ல முடியாது. அதையும் மனசுல வச்சுக்கோங்க."

ஆக, பெர்பெத்து இறக்க வேண்டிய ஒவ்வொரு கிலோவும் தம்பியின் உயிரில் ஒரு துண்டு. அப்படி நினைத்துக்கொண்டு எடைமேடையில் ஏறுகிறவளுக்கு முன்னால் முள் என்ன செய்தது என்றால், விடிகாலையில் எண்பத்திரண்டைக் காட்டியது, மத்தியானம் எண்பத்தைந்தைக் காட்டியது, சாயங்காலம் எதுவும் நடக்காததுபோல எண்பத்திரண்டுக்கே வந்து நின்றது. அவள் கொள்ளுக் கஞ்சி குடித்தாள், முள் இறங்கியது, ஆகவே கொள்ளு உத்தமம். மறுநாள் அதே கொள்ளைக் குடித்தாள், ஏறியது, ஆகவே கொள்ளு துரோகி. ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்து பார்த்தாள், ஏறியது. பசி தாங்காமல் இட்லியும் சாளை மீன் குழம்புமாக ஒரு பிடி பிடித்துவிட்டுப் பயந்துகொண்டே ஏறினாள், இறங்கியது. பச்சைச் சேலை உடுத்தினால் குறைகிறது என்று கண்டுபிடித்து அந்த ஒரு சேலையையே துவைத்துத் துவைத்து உடுத்தினாள், அது சாயம் போனதுதான் மிச்சம். முள் இறங்கிய நேரத்தில் அவள் சிரிப்பு களம் முழுக்கக் கேட்கும். ஏறிய நேரத்தில், மீன் கீறுகிற பெண்கள் அவள் கண்ணில் படாமல் குனிந்து வேலை பார்ப்பார்கள். தான் ஒழுங்காக இல்லை, தன் நாக்குதான் தம்பியைக் கொல்லப் போகிறது என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

உண்மை வெளியே வந்தது கபடிப் பையன்களால். உள்நாட்டு ஊர்களில் எடை வைத்துக் கபடி நடத்துவார்கள், அறுபது கிலோ கபடி என்றால் அறுபதுக்கு மேல் ஒருவனும் கோட்டுக்குள் வர முடியாது. ஆவரந்துறை அணி காலையில் பெர்பெத்துவின் எடைமேடையில் ஏறிப் பார்த்துவிட்டு, எல்லோரும் அறுபதுக்குள் என்று பாட்டுப் பாடிக்கொண்டு வேன் ஏறியது. மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது. கேப்டன் ஸ்டெனிஸ் நேரே களத்துக்கு வந்தான்.

"சித்தி, ஒங்க தராசு எங்க மானத்த வாங்கிட்டு. இங்க அம்பத்தொம்பது, அங்க போயி ஏறுனா அறுவத்திரண்டு. கிரவுண்டுக்குள்ளயே விடல."

"எந் தராச ஏசாதல" என்றாள் பெர்பெத்து. "அதுல நின்னு தெனம் அழுதுட்டு இருக்கேன் நான். தராசுல கொற இல்ல, நாமதான் சரியில்ல."

பூவரச மரத்தடியில் இருந்து வென்சிலாஸ் பேசினான். "தராசும் சரி, நாமளும் சரி. அங்க பாருங்க, கடலுக்குள்ள நிக்கிற அந்தக் கல்ல. எத்தன நாளா பாத்துட்டு இருக்கேன், முழுசா முங்கவும் இல்ல, முழுசா காயவும் இல்ல. கடல் நின்னுட்டு. அங்க ஏற வேண்டியது நம்ம மேல ஏறுது."

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அது குளத்துத் தண்ணீர் மாதிரி கல்லின் இடுப்பளவில் நின்றது. ஸ்டெனிஸ் தன் கையை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு, "அப்ப அடுத்த மேட்ச வத்தத்துல வைக்கச் சொல்லணும்" என்றான்.

ஊரும் அவ்வளவில்தான் இதை எடுத்துக்கொண்டது. தையல்கார ரோஸ்லின் ரவிக்கைகளுக்கு இரண்டு வரிசைக் கொக்கி வைத்தாள், உள்வரிசை வற்றத்துக்கு, வெளிவரிசை ஏற்றத்துக்கு. ஷேர் ஆட்டோக்காரர் வற்றத்தில் ஏழு பேரையும் ஏற்றத்தில் ஐந்து பேரையும் ஏற்றினார். மாதா கோயிலில் முழங்காலில் நின்றவர்கள் எழ முடியாமல் ஒருவரையொருவர் பிடித்துத் தூக்கிக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, பங்குச்சாமி பூசை நேரத்தைச் சந்திரனுக்கு ஏற்றபடி மாற்றி வைத்தார். ஏற்றத்தில் பெண் பார்க்க வந்து, பூசினாற்போல இருக்கிறாள் என்று பூ வைத்துவிட்டுப் போன நாசரேத்து மாப்பிள்ளை வீட்டார், வற்றத்தில் நடந்த நிச்சயத்தில் இது அந்தப் பெண்ணின் தங்கையா என்று கேட்டார்கள். சாப்பிட்டு முடிக்கட்டும், தெரியும் என்று பெண்வீட்டார் சொன்னார்கள், பாயசம் பரிமாறும்போது ஏற்றம் வந்துவிட்டது, அவர்களும் சமாதானமானார்கள். வெளியூர் போனாலும் ஓதம் கூடவே போனது, மஸ்கட்டுக்கும் போனது. ஏற்றத்தில் போட்ட சண்டை கணக்கில் சேராது என்று ஒரு வழக்கம் வந்தது. வழியில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டு, ஏத்தமா வத்தமா என்று கேட்டார்கள், கேட்டவருக்கும் அதே நேரம்தான் என்றாலும்.

ஒரு மழைக்காலம் போவதற்குள் குழந்தைகளுக்கு இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று ஆகிவிட்டது. பழகாத ஒரே ஆள் பெர்பெத்து. ஏறுவதும் இறங்குவதும் கடல்தான் என்று தெரிந்த பிறகும் மத்தியான முள்ளைப் பார்த்ததும் அவள் சோற்றுச் சட்டியை மூடி வைத்தாள், ஏனென்றால் கடல் எவ்வளவு, தான் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒருநாள் அவள் எடைமேடையிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது வென்சிலாஸ் மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றான்.

"யக்கா, விடிகாலப் பனியோட மூட்டைய நிறுத்தா என்ன ஆவும்?"

"கூடும்."

"உச்சி வெயில்ல நிறுத்தா?"

"கொறையும். அதுக்கு இப்ப என்ன?"

"அதுக்காவ மீனு கூடிட்டு, மீனு கொறஞ்சிட்டுன்னு சொல்லுவியா?"

"அது பனில்லா ஏறி எறங்குது. மீனு அப்படியேதான் இருக்கும்."

"அதத்தான் சொல்லுதேன். மிஷின்ல எனக்கு ஒரு எடை வச்சிருக்காவ. தேங்குன தண்ணியெல்லாம் எடுத்த பெறகு நிக்கிற எடை. சிஸ்டரு அத காஞ்ச எடைன்னு சொல்லுவாவ. அதுக்கு மேல உள்ளது பூராவும் தண்ணி. அதப் பாத்து நான் அழ ஆரம்பிச்சா நாள் பூரா அழணும். நீ ஒன் காஞ்ச எடையப் பாரு. வத்தத்தோட அடியில ஏறு. அத போன வாரத்து வத்தத்தோட வச்சுப் பாரு. நடுவுல ஏறுறதும் எறங்குறதும் கடலோட பாடு. அத நீ ஏன் ஒந் தலையில போட்டுக்கிடுத?"

வாழ்நாள் முழுக்க ஈர மீனைக் காய வைத்து விற்றவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அன்று முதல் வாரத்துக்கு ஒருமுறை, வற்றத்தின் அடியில் மட்டும் ஏறினாள். எண்பத்தொன்று, பிறகு எண்பதரை, பிறகு எண்பது. கொள்ளும் பச்சைச் சேலையும் விடுதலை பெற்றன. குழம்பில் உப்பைக் குறைத்தாள், சாயங்காலம் கரையோரம் சங்குச் சாவடி வரை கைவீசி நடந்தாள், பசித்தால் சாப்பிட்டாள், மத்தியானம் எடைமேடைப் பக்கம் திரும்பாமல் இருந்தாள். முள் மெதுவாக இறங்கியது, ஆனால் இறங்கியது. மீன் கீறுகிற பெண்கள் மறுபடி சத்தமாகக் கதை பேசினார்கள்.

இப்படியே போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஓதம் வென்சிலாஸையும் விட்டுவைக்கவில்லை. மற்றவர்களுக்கு ஏறிய தண்ணீர் வற்றத்தில் வெளியேறியது, அவனுக்கு வெளியேற வழியில்லை. ஏறியது ஏறியபடி தங்கியது, அதன்மேல் அடுத்த ஏற்றம் வந்து உட்கார்ந்தது. மிஷினில் எடுத்துவிட்டு வருவான், மறுநாளே கணுக்கால் வீங்கிவிடும். தண்ணியை அளந்து குடிக்கச் சொன்னால் கேட்கமாட்டீங்களா என்று சிஸ்டர் திட்டுவாள், அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். தைப் பௌர்ணமிக்குப் பெரிய ஏற்றம் வந்தது. நடு மத்தியானம், காய்ந்த கட்டிலில், காய்ந்த பாயில் கிடந்தபடி வென்சிலாஸ் மூழ்க ஆரம்பித்தான். கடலின் அடியில் மூச்சடக்கி நடந்தவன், வீட்டுக்குள் மூச்சுக்குத் தவித்தான். கார் பிடித்துக் கொண்டுபோய்க் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். அமாவாசைக்கும் இதே போல ஏற்றம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆவரந்துறையில் மீன் பங்கு வைக்கிறதற்கு ஒரு முறை உண்டு. வள்ளம் கரையேறியதும் மொத்த மீனையும் மணலில் கொட்டி, முதலில் படுக்கைப் பங்கு என்று ஒன்றைத் தனியாகத் தள்ளி வைப்பார்கள், நோயில் கிடக்கிறவர்களுக்கு. அதன்பிறகுதான் வள்ளத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு. கிடக்கிறவருக்காக வீட்டுப் பெண்பிள்ளை யாராவது முந்தானையை விரித்து, இன்னாருடைய பங்கை எனக்குப் போடுங்க என்று கேட்டு வாங்குவாள். வென்சிலாஸ் கிடையில் விழுந்த நாளிலிருந்து அவனுடைய மீன் பங்கைப் பெர்பெத்துதான் அப்படி வாங்கிக்கொண்டிருந்தாள். அமாவாசைக்கு முந்திய நாள் விடிகாலையில், ஆள் வருமுன், அவள் கடலோரம் போய் நின்று முந்தானையை விரித்தாள். "வென்சிலாசு பங்க எனக்குப் போடு" என்றாள். மீனுக்குக் கேட்கிற அதே குரலில்தான் ஓதத்தைக் கேட்டாள். கடலுக்கும் அது பழகின பேச்சுத்தான், போட்டது.

அமாவாசை வந்தது, வென்சிலாஸ் மூழ்கவில்லை. அவன் மேல் ஓதம் ஏறவேயில்லை. கணுக்கால் எலும்பு தெரிந்தது, மூச்சு சீராக வந்தது, வீட்டிலிருந்து களம் வரை நிற்காமல் நடந்தான். பங்குச்சாமியின் செபம் என்று சிலர், மாத்திரை மாற்றியதால் என்று சிலர். பெர்பெத்து இரண்டு பேச்சுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

அவளுக்கு இப்போது இரண்டு பேருடைய ஏற்றம். அதுகூடப் பரவாயில்லை, தம்பியின் பங்கு, அவன் உடம்பிலிருந்து வெளியேறிப் பழகாதது, அவளிடம் வந்த பிறகும் வற்றத்தில் கிளம்ப மறுத்தது. வற்றத்தின் அடியில் ஏறினாள், எழுபத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்திரண்டு. அடுத்த வாரம் எண்பத்தைந்து. தம்பியின் தண்ணீர் தன்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும், ஆனால் அது சும்மா வந்து போகிறது என்று நினைத்திருந்தாள், தங்கும் என்று நினைக்கவில்லை. காஞ்ச எடை ஏறினால் அது சோறு தவிர வேறு என்ன? அவளுடைய பழைய பயம் எல்லாம் சேர்ந்து திரும்பி வந்தது. சோற்றை விட்டாள், கஞ்சியை விட்டாள், ஒரு வேளை டீயோடு களத்தில் நாள் முழுக்க நின்றாள். ஒருநாள் உப்பு அள்ளக் குனிந்தவள் உப்பின் மேலேயே சாய்ந்தாள்.

பெண்கள் பதறிப்போய் அவளைத் தூக்கி, பக்கத்தில் சமதளமாக இருந்தது என்று எடைமேடையின் மேல் படுக்க வைத்தார்கள். வென்சிலாஸ் ஓடிவந்தான். அக்காவின் கை குச்சியாக இருந்தது, கன்னத்தில் குழி விழுந்திருந்தது, கால்கள் மட்டும் தூணாக வீங்கியிருந்தன, முள் தொண்ணூறில் நின்றது. அந்தக் கால்களை அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவை அவனுடைய கால்கள்.

"எம் பங்க எடுத்தியாக்கா?"

அவள் கண்ணைத் திறந்து, முந்தானையை இழுத்துக் காலை மூடினாள்.

"எடுத்தியா?"

"நீ முங்குனத நாம் பாக்கல? ஒண்ணும் பண்ணாம நிக்கச் சொல்லுதியா?"

"எந் தண்ணிய நீ தூக்கிட்டுத் திரிஞ்சா, அந்த டாக்டரம்மா ஒன்ன எங்க கிட்ட சேப்பாவ? பட்டினி கெடந்து நீ போயிட்டா நான் யாருக்கிட்ட போயி நிக்க?" அக்காவின் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஊர்த்தலைவர் லெயோன் வந்து சேர்ந்தார். ஆறடி உயரம், கோபம் வந்தால் குரல் தணிகிற ஆள். அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்கக் குனிய வேண்டியிருந்தது.

"யாரக் கேட்டும்மா எடுத்த?"

"எந் தம்பிதான மாமா."

"தம்பி ஒனக்கு. கெடையில விழுந்தவன் ஊருக்கு. படுக்கப் பங்க என்னைக்காவது ஒரு வீட்டுல இருந்து எடுத்துருக்கமா? மொத்தக் குவியல்ல இருந்துல்லா எடுக்கோம். மீனுக்கு ஒரு நாயம், தண்ணிக்கு ஒரு நாயமா? இத நீ வீட்டு விசயம்னு நெனச்சுட்ட, அதான் ஒந் தப்பு." துண்டை உதறித் தோளில் போட்டார். "நாங்களும் கேக்காம இருந்தோம். அது எங்க தப்பு."

அன்று சாயங்கால வற்றத்தில் ஊர் முழுக்கக் கரைக்கு வந்தது. ஓலைக் கடகப் பெட்டி கொண்டுவந்தவர்கள், முந்தானையை விரித்தவர்கள், வெறும் கையை நீட்டியவர்கள். பெர்பெத்துவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தி, லெயோன் மீன் பங்கு வைக்கிற அதே முறையில், வீட்டுப் பெயரைச் சொல்லிச் சொல்லி வென்சிலாஸின் ஓதத்தைப் பங்கு வைத்தார். பொதுச்சுவர்த் தகராறில் வருஷக்கணக்காகப் பெர்பெத்துவோடு பேசாமல் இருந்த பக்கத்து வீட்டு மரியம்பிச்சையும் வந்தாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கடகத்தை நீட்டினாள். "எனக்கு ரெண்டு பங்காப் போடுங்க மாமா. நான் எப்படியும் குண்டுதான், தெரியவா போவுது?" ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் அளவுகூட வரவில்லை. அது யாரையும் பாதிக்கவில்லை, கபடிப் பையன்களைத் தவிர. அவர்கள் யோசித்துவிட்டு அறுபத்தைந்து கிலோப் பிரிவுக்கு மாறிக்கொண்டார்கள்.

இரவோடு இரவாகப் பெர்பெத்துவின் கால் வடிந்தது. மறுநாள் வற்றத்தில் ஏறினாள், எழுபத்தேழு. இந்தத் தடவை அவளுக்குச் சாப்பாடு போட்டது மரியம்பிச்சை, சுவருக்கு மேலாக எட்டி, இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். பட்டினி இல்லை, விருந்தும் இல்லை. ஒரு மீன், கொஞ்சம் சோறு, நிறைய முருங்கைக்கீரை. முள் தன் போக்கில் இறங்கியது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் எடை பார்க்கக் கூப்பிட்ட நேரம் நல்ல ஏற்றம். அன்றைக்கு மட்டும் அவளுடைய பங்கையும் வாங்கிக்கொள்கிறோம் என்று ஊரில் சொன்னார்கள், பெர்பெத்து மறுத்துவிட்டாள். ஈரக் கருவாட்டைக் காய்ந்தது என்று விற்காதவள், தன் உடம்பில் மட்டும் கள்ள எடை காட்டுவாளா? எடை இயந்திரத்துக்கு முன்னால் நின்று, "சிஸ்டர், இப்ப எங்க ஊருல ஏத்தம். மூணு மணிக்கு மேல வத்தம் வந்துரும். அப்ப ஏறுதேன்" என்றாள். புது நர்ஸ் முழித்தாள். டயாலிசிஸ் பகுதியிலிருந்து வந்த மூத்த நர்ஸ் மட்டும், "காஞ்ச எடை கேக்காங்க, இருக்கட்டும்" என்றாள். அப்படியாக, அந்த வராந்தாவில், கடலே பார்க்காத சனங்கள் நடுவில், அக்காவும் தம்பியும் பெஞ்சில் உட்கார்ந்து ஆவரந்துறையின் வற்றத்துக்காகக் காத்திருந்தார்கள். மூன்றரைக்கு வளையல் தளர்ந்தது. அவள் எழுந்து போய் ஏறினாள். எழுபத்துநான்கே கால். டாக்டரம்மா தேதி குறித்தார்.

ஆபரேஷன் நடந்தது, இருவரும் பிழைத்தார்கள், மூன்று மாதம் கழித்து வென்சிலாஸ் ஊருக்கு வந்தான். வந்த மறுநாள் காலை வற்றத்தில், லெயோன் மீன் பங்கு வைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றான்.

"மாமா, எம் பங்கக் குடுங்க."

"மீனா? அந்தா கெடக்கு, எடுத்துக்கிடு."

"மீனு இல்ல. ஓதம்."

லெயோன் நிமிர்ந்து பார்த்தார். "அவசரம் என்னல? கெடக்கட்டும். யாருக்கும் அது பாரம் இல்ல."

"எனக்கு ஏறணும் மாமா" என்றான் வென்சிலாஸ். "எல்லாரையும் மாதிரி."

பெர்பெத்து லெயோனுக்கும் தம்பிக்கும் நடுவில் வந்து நின்றாள். தன் கிட்னி அவனுக்குள் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் கடலைத் தாங்குமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், விலகி நின்றாள். லெயோன் ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லிப் பங்கைத் திரும்ப வாங்கி அவனிடம் கொடுத்தார். அவன் களத்துக்குப் போய் எடைமேடையில் ஏறினான். அறுபத்தொன்று.

ஏற்றம் வந்தது. ஊர் களத்தைச் சுற்றி உட்கார்ந்தது, யாரும் வேலைக்குப் போகவில்லை. அறுபத்திரண்டு, அறுபத்திரண்டரை, அறுபத்துமூன்று என்று முள் ஏறியது. கணுக்கால் எலும்பு மறைந்தது, விரல் தடித்தது. பெர்பெத்து அவனுடைய மூச்சை எண்ணிக்கொண்டு நின்றாள். அறுபத்துநான்கில் ஏற்றம் நின்றது. அவன் இறங்கிப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தான். ரோஸ்லின் டீ கொண்டுவந்தாள், யாரும் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வென்சிலாஸ் எழுந்து ஓலை வேலிக்குப் பின்னால் ஒதுங்கப் போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான், மறுபடி வந்தான். மூன்றாவது முறை போனபோது ஸ்டெனிஸ் கை தட்டினான், லெயோன் அவனை முறைத்தார், ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் முறைத்தார்.

சாயங்காலம் வற்றம் அடியைத் தொட்டது. வென்சிலாஸ் எடைமேடையில் ஏறி, முள்ளைப் பார்க்காமல், அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றான். முள் ஆடி, ஆடி, அறுபத்தொன்றில் நின்றது.

"எறங்கிட்டா?" என்று கேட்டான்.

"எறங்கிட்டுல" என்றாள் பெர்பெத்து. "நாளைக்கும் ஏறும்."

"ஏறட்டும்."

வற்றத்தின் அடியில் ஆவரந்துறைக்காரர் யாருக்கும் கண்ணீர் வராது, வருவதற்கு அந்த நேரத்தில் உடம்பில் தண்ணீர் இருக்காது. பெர்பெத்துவுக்கு வந்தது.